மாசிலாரும் பூட்டிய கதவும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கட்சித் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் அமைச்சர் பெருமக்களே, சட்டசபையின் இந்நாள், முன்னாள் உறுப்பினர்களே, நீதிமன்றத்திலிருந்து கறுப்பு அங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருக்கும் வழக்கறிஞர் நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாசிலாரின் துணைவியார், எங்கள் அண்ணி அவர்களே, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மகளே, உட்கார இடமில்லாமல் படியிலும் நடைபாதையிலும் நிற்கும் தையல் ஆலைத் தோழிகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பின்னால் நிற்கிறவர்களுக்குக் குரல் கேட்கிறதா? கேட்காவிட்டால் கையை ஆட்டுங்கள். நான் சொல்லப் போவதை அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் போனால் எனக்கும் நல்லதில்லை, போனவருக்கும் நல்லதில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். மாசிலார் என்று அவருக்குப் பட்டம் கொடுத்த இந்தக் கட்சி, அந்தப் பட்டத்துக்கு ஏற்ற சொற்களை இன்று அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறது. பேசுகிறவர்கள் பட்டியலில் என் பெயர் முதலில் இல்லை. அண்ணி சொல்லித்தான் சேர்த்தார்கள். அண்ணி என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

"பேசுறவங்க எல்லாரும் அவரைத் தூக்கி உச்சியில வெச்சுட்டு இறங்கிப் போயிடுவாங்க. அந்த மனுஷன் கடைசி வருஷமெல்லாம் எதுக்காகத் தவிச்சாருன்னு ஒருத்தராவது சொல்லணும். நீ சொல்லு."

அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

யார் இந்த மாசிலார்? அரசியலுக்கு வருமுன் ஒரே அலுவலகத்தில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து நானும் அவரும் தொழிலாளர் வழக்குகளை நடத்தினோம். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் என்னை வக்கீலம்மா என்பார். எனக்கென்று அப்போது தனி வழக்கே கிடையாது. ஆனாலும் வக்கீலம்மா! அந்த அழைப்பிலேயே ஒரு மரியாதை இருந்தது. எந்தப் பெண்ணையும் அவர் 'ஏம்மா நீ' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தொழிலாளர் துறை அமைச்சரான பிறகும் அவர் மாறவில்லை. வீட்டு வாசலுக்கு வந்த பழக்கூடை எதுவும் வீட்டுக்குள் போனதில்லை. மது தொட்டதில்லை. ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேவலமாகப் பேசியதில்லை. தன் சட்டையைத் தானே துவைத்தார். சொந்தக்காரர்கள் வேலை கேட்டு வந்தால் சாப்பாடு போட்டு அனுப்பினார், சிபாரிசு செய்யவில்லை. மகள் அரசாங்கக் கல்லூரியில்தான் படித்தாள், அதுவும் அவள் வாங்கிய மதிப்பெண்ணில். இதெல்லாம் உண்மையா? உண்மை! ஒன்றுகூட மிகை இல்லை. நான் சாட்சி.

இரவு நேர வேலை முடிந்து வரும் பெண்களை ஆலை வண்டியிலேயே வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது யார்? அவர்தான். எத்தனை ஆலை முதலாளிகள் முறைத்தார்கள்! எத்தனை பேர் ஆட்சியே கவிழும் என்று பயம் காட்டினார்கள்! அசைந்தாரா? அசையவே இல்லை. இங்கே நிற்கும் எத்தனையோ பெண்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது அவர் போட்ட கையெழுத்தால். இதை மறந்தால் நமக்கு நன்றி கிடையாது.

சற்று முன் ஒரு அமைச்சர், மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்ததைச் சொன்னார். மூச்சுத்திணறலில் பிள்ளை துடிக்கிறாள், வெளியே மழை கொட்டுகிறது, வாசலில் அரசாங்கக் கார் நிற்கிறது, ஆனாலும் அதைத் தொட மாட்டேன் என்று பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார் மாசிலார் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். இந்தக் கதைக்கு எப்போதும் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அண்ணியிடம் யாராவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன்.

"கார் வேணாம்னுட்டாரு. பஸ்ஸும் வரலை. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துட்டு வண்டிய எடுத்துட்டு வந்தாரு. இல்லைன்னா என் பொண்ணு எனக்கு இல்லை. பேரு இவருக்கு, பதைபதைப்பு எனக்கு."

அண்ணி அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். அன்று எனக்கு அதில் வேறெதுவும் தெரியவில்லை.

தலைவர் அவர்கள் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'சுருக்கமாக' என்று போட்டிருக்கிறது. முயற்சி செய்கிறேன் தலைவரே. ஆனால் இது சுருங்குகிற விஷயம் இல்லை.

தோழிகளே, ஊருக்கு வெளியே போகும் பெரிய சாலையில் இருந்த அந்தத் தையல் ஆலையை உங்களில் பலருக்குத் தெரியும். சிலருக்கு அது வேலை பார்த்த இடம். மேல்மாடியில் வரிசை வரிசையாக இயந்திரங்கள். முன்பக்கம் ஒரு படிக்கட்டு, பின்பக்கம் ஒரு படிக்கட்டு. பின்படிக்கட்டின் கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள். துணி திருட்டுப் போகிறதாம்! வேலை முடிந்து போகிற பெண்கள் எல்லாரும் முன்வாசல் வழியாக மட்டும் போனால் பையைச் சோதிப்பது சுலபமாம்!

அங்கே சட்டைக் காலர் தைக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். காலர் அக்கா என்றால்தான் தெரியும். பொத்தான் வைக்கிற பெண் இன்னொருத்தி. அவளுக்குப் பெயரே பொத்தான். இந்த இரண்டு பேரும் இன்னும் சிலரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். நான் அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக அண்ணன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் எப்படி வரவேற்றார்! உள்ளே இருந்து நாற்காலிகளைத் தானே தூக்கி வந்து போட்டார். தானே தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் எழுந்து நின்றபோது, "நீங்க உக்காருங்க, நான் நிக்கிறேன். வாரம் முழுக்க நீங்கதான் குனிஞ்சு உக்காந்து முதுகு ஒடிஞ்சு வேலை பார்க்குறீங்க" என்றார். பொத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓர் அமைச்சர் இப்படியும் இருப்பாரா என்று.

காலர் அக்காதான் பேசினாள். பயம் என்பதே அவளுக்குக் கிடையாது.

"ஐயா, பின்கதவைப் பூட்டி வெச்சிருக்காங்க. ஒயர் எல்லாம் பழசு. அப்பப்போ கருகுற வாடை வருது. ஏதாவது ஒண்ணுன்னா நாங்க எல்லாரும் ஒரே படியில விழுந்தடிச்சு ஓடணும். நீங்க அந்த முதலாளிக்கு ஒரே ஒரு போன் போடுங்க. நீங்க சொன்னா அலறி அடிச்சுக்கிட்டுத் திறப்பாரு."

அண்ணன் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"நான் முதலாளிங்ககிட்டத் தனியா பேசுறதே இல்லைம்மா. பதவிக்கு வந்த அன்னைக்கு எனக்கு நானே போட்டுக்கிட்ட கட்டுப்பாடு. இன்னைக்கு உங்க கதவுக்காக நான் பேசினா, நாளைக்கு அவர் வேற எதுக்காவது என்கிட்டப் பேசுவாரு. நாளைக்கே ஆய்வாளரை அனுப்புறேன். எல்லாம் முறைப்படி நடக்கும்."

"முறைப்படி நடந்தா சரிங்கய்யா. ஆனா அந்த ஆய்வாளர் வர்றது முதலாளிக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்."

"என் துறையில அப்படி நடக்காதும்மா."

அவர் துறையில் அப்படித்தான் நடந்தது. ஆய்வாளர் வந்த அன்று கதவு அகலத் திறந்து கிடந்தது. துடைத்துக் கோலம் போடாத குறை! ஆய்வாளரின் கார் தெருமுனை திரும்பியதும் பூட்டு மறுபடி ஏறிவிட்டது. காலர் அக்கா எனக்குச் சொன்னாள். நான் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் குரலில் ஒரு சலிப்பு.

"வக்கீலம்மா, கதவு திறந்திருந்துச்சுன்னு அறிக்கை வந்திருக்கு. நான் அறிக்கையை நம்புறதா, காத்துவாக்குல வர்ற பேச்சை நம்புறதா?"

"அண்ணே, அந்த முதலாளி நம்ம கட்சி ஆளுங்களுக்கு ரொம்ப வேண்டியவர். அவர் வீட்டு மாடியிலதான் நம்ம ஆளுங்க தேர்தல் வேலையே பார்த்தாங்க. அது உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரிய வேண்டாத விஷயத்தை எல்லாம் என்கிட்டச் சொல்லாதீங்க."

இந்த வார்த்தையை நான் எத்தனையோ முறை திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். அந்தச் சுத்தத்தின் ஒரு பாதி, அவர் எதையும் வாங்கிக்கொள்ளாதது. இன்னொரு பாதி, அவர் எதையும் தெரிந்துகொள்ளாதது. முதல் பாதிக்கு நாம் கைதட்டினோம். இரண்டாம் பாதியைப் பற்றி யார் கேட்டோம்?

இனி இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். மேடையில் அவருக்கு நாற்காலி போடவில்லை. கடைசி வரிசையில், தூணோரம் உட்கார்ந்திருக்கிறார். ஊரே அவரை உல்லாசம் என்று கூப்பிடும். அந்தப் பெயரே அவர் வண்டவாளத்தைச் சொல்லிவிடும். குடிப்பார். சீட்டாடுவார். ஒரு குடும்பத்தை விட்டுவிட்டு இன்னொரு குடும்பம் நடத்தினார். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே, உங்கள் முதல் மனைவியின் வழக்கை நடத்தியதே நான்தான். அந்த அம்மா என் எதிரில் உட்கார்ந்து அழுததை என்னால் மறக்க முடியாது. அதற்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். இன்றைக்கும்தான்.

அப்போது அவர் நம் கட்சியின் சட்டசபை உறுப்பினர். சபையில் மாசிலாருக்கு இரண்டு வரிசை பின்னால் உட்காருவார். காலர் அக்கா கோஷ்டி அவரிடமும் போனது, அவர் தொகுதியிலும் அதே மாதிரி ஓர் ஆலை, அங்கேயும் அதே மாதிரி பூட்டிய கதவு என்பதால். இவர் என்ன செய்தார்? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நன்றாக ஏற்றிக்கொண்டு, நேராகத் தன் தொகுதி ஆலைக்குப் போனார். காவலாளியைத் தள்ளிவிட்டுப் படியேறினார். ஒரு கடப்பாரையைப் பிடுங்கிப் பூட்டை உடைத்தார். கதவையே கீலோடு பெயர்த்துக் கீழே தள்ளிவிட்டார்! முதலாளியை அவர் திட்டிய வார்த்தைகளை இந்த மேடையில் சொல்ல முடியாது.

மறுநாள் பத்திரிகையில் என்ன வந்தது? 'குடிபோதையில் உறுப்பினர் ரகளை.' கதவைப் பற்றி ஒரு வரி இல்லை. கட்சி ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. குழுவின் தலைவர் யார்? மாசிலார். நான் கட்சியின் சட்ட ஆலோசகராக அங்கே உட்கார்ந்திருந்தேன். உல்லாசம் அன்று சுயநினைவோடு, முகம் மழித்து, பள்ளிக்கூடப் பையனைப் போல வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணுங்க பூட்டி வெச்சிருக்காங்கன்னு சொன்னாங்க. போய்ப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்துச்சு. உடைச்சேன். அவ்வளவுதான்" என்றார்.

மாசிலார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க எதுக்காகப் போனீங்கன்னு நான் கேக்கலை. எந்த நிலைமையில போனீங்கன்னு கேக்குறேன்."

உல்லாசத்தைக் கட்சியிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள். காரணம், பொதுவாழ்வின் கண்ணியத்துக்கு இழுக்கு. அந்த நீக்கத்துக்கும் நாடு கைதட்டியது. அவர் பெயர்த்த கதவை மட்டும் அந்த ஆலைக்காரர் மறுபடி மாட்டவே இல்லை. இன்றைக்கும் அந்தப் படிக்கட்டு திறந்துதான் கிடக்கிறது.

பெரிய சாலை ஆலையின் கதவு பூட்டியே இருந்தது.

அது ஒரு மதிய வேளை. சாப்பிட்டுவிட்டு வந்து எல்லாரும் மறுபடி இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முன்படிக்கட்டுப் பக்கம் மின்பெட்டி வெடித்தது. அந்தப் பக்கம் போக முடியவில்லை. எல்லாரும் பின்கதவுக்கு ஓடினார்கள். அதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை. அந்தக் கதவின் உள்பக்கத்தை நான் பிறகு போய்ப் பார்த்தேன். அதையும் சொல்லப் போவதில்லை. அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். காலர் அக்கா வீடு திரும்பவில்லை. பொத்தான் ஜன்னல் கம்பியை உடைத்துக்கொண்டு குதித்தாள், வலது கை நொறுங்கிப்போனது. அந்தக் கையால் அவள் இன்றுவரை பொத்தான் வைத்ததில்லை.

நாடே கொதித்தது. நீதி விசாரணை வேண்டும் என்று சபையில் தீர்மானம் வந்தது. எதிர்க்கட்சி மட்டும் இல்லை, நம் கட்சியிலேயே பல பேர் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கிருந்த தலைமை மிகவும் கெட்டிக்காரத் தலைமை. பதில் சொல்ல யாரை எழுப்பியது? பேச்சாளர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். வாய்வீச்சில் மலையைப் புரட்டுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களில் யாரையும் எழுப்பவில்லை. மாசிலாரை எழுப்பியது.

நான் பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். அவர் எழுந்ததும் கூச்சல் அப்படியே அடங்கியது. எதிர்க்கட்சியும் அடங்கியது. அதுதான் அவர் பெயருக்கு இருந்த மதிப்பு! கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். ஆய்வின்போது பின்கதவு திறந்திருந்தது என்றார். அது பூட்டியிருந்ததாக அரசுக்கு எந்தத் தகவலும் வரவில்லை என்றார். அரசின் பக்கம் எந்தக் குறைபாடும் இல்லை என்றார். உட்கார்ந்தார்.

எந்தத் தகவலும் வரவில்லை! அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காலர் அக்கா சொன்னது தகவல் இல்லையா? நான் தொலைபேசியில் சொன்னது தகவல் இல்லையா?

எதிர்க்கட்சித் தலைவரே எழுந்து, "மாசிலாரே சொன்ன பிறகு நாங்கள் வற்புறுத்த விரும்பவில்லை" என்றார். வேறு யார் அந்தத் தாளைப் படித்திருந்தாலும் கிழித்து எறிந்திருப்பார்கள். அவர் படித்ததால் நம்பினார்கள். பெயருக்கு நடந்த வாக்கெடுப்பில், விசாரணைக்கு ஆதரவாக ஆளும் வரிசையிலிருந்து எழுந்தது ஒரே ஒரு கை. உல்லாசத்தின் கை. அத்தோடு அவரைக் கட்சியிலிருந்து அடியோடு நீக்கினார்கள். அடுத்த தேர்தலில் 'ஒழுக்கம் வெல்லட்டும்' என்று சுவரெல்லாம் எழுதி அவரைத் தோற்கடித்தார்கள்.

அன்று சபையின் தாழ்வாரத்தில் அண்ணனை மறித்தேன்.

"அண்ணே, பூட்டியிருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அறிக்கையில இருந்ததைத்தான் படிச்சேன் வக்கீலம்மா. நான் என் வாயால பொய் சொல்லலை."

"அப்போ யார் வாயால சொன்னீங்க?"

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். அதன் பிறகு பல வருடங்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

சபையோரே, இதை நான் ஏன் இந்த நாளில் சொல்கிறேன்? படம் மாட்டி மாலை போட்டிருக்கிற இடத்தில் இப்படியா பேசுவது என்று சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. மேடையிலும் தெரிகிறது. பொறுங்கள். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததிலேயே பெரிய விஷயம் இனிமேல்தான் வருகிறது.

பதவியெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. பழைய மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"வக்கீலம்மா, நான் பொய் சொன்னேன்."

நான் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு சொன்னப்பவே உண்மைன்னு தெரியும். தாளைக் கையில குடுத்தப்போ ஒரு நிமிஷம் யோசிச்சேன். படிக்க மாட்டேன்னு சொன்னா கட்சி உடையும். கட்சி உடைஞ்சா அசிங்கமானவங்க ஆட்சிக்கு வருவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நான் ஒரு பைசா வாங்கலை, அதனால நான் செய்யுறது தப்பா இருக்காதுன்னு நினைச்சேன். எவ்வளவு திமிர் பாருங்க!"

எல்லாவற்றையும் பகிரங்கமாகச் சொல்லிவிட வேண்டும் என்றார். பத்திரிகையாளர்களை நான்தான் அழைத்தேன். அவர் எழுந்து நின்று, மறைக்காமல், மழுப்பாமல் சொன்னார். கதவு பூட்டியிருந்தது எனக்குத் தெரியும். சபையில் நான் சொன்னது பொய். விசாரணை நடக்காமல் போனதற்கு நான் காரணம்.

என்ன நடந்திருக்க வேண்டும்? நாடு அதிர்ந்திருக்க வேண்டும் இல்லையா? என்ன நடந்தது தெரியுமா? நிருபர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்! ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, உங்க மனசு யாருக்கு வரும்!" என்றார். அண்ணன் கத்தினார். அவர் கத்தியதை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"நான் பொய் சொன்னேன்னு சொல்றேன்யா! எழுதிக்கோங்க!"

எழுதினார்கள். எப்படி எழுதினார்கள்? 'செய்யாத தவறுக்கும் பொறுப்பேற்கும் பெருந்தகை.' தொலைக்காட்சியில் இதே மேடையிலிருக்கும் இருவர் உட்கார்ந்து, வயதின் தளர்ச்சியில் ஐயா தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறார், அதுதான் அவர் உயர்வு என்றார்கள். பொய் சொன்னபோது உண்மை என்று நம்பிய ஊர், உண்மை சொன்னபோது பணிவு என்று பாராட்டியது. அந்தப் பெயர் அவரை விட்டு இறங்க மறுத்தது.

மறுநாள் செய்தித்தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து, "யாருமே நம்ப மாட்டேங்குறாங்களே வக்கீலம்மா" என்று குழந்தையைப் போல அழுதார்.

எங்களைத் தவிர அவரை நம்பிய ஒரே ஆள் பொத்தான். அவள் வீட்டுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு கட்டில். அன்று அவர் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார். இன்று அவள் நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொல்லி முடித்தார். மன்னிப்புக் கேட்டார். அவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நீங்க நல்லவருன்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும். உங்க கையால டீ குடிச்சிருக்கேன். ஆனா நீங்க நல்லவரா இருந்ததுல எங்களுக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க."

அவர் அவளுடைய அந்தக் கையைப் பார்த்தார். அவளே தொடர்ந்தாள்.

"நீங்க மன்னிப்புக் கேட்டா நான் என்ன செய்யுறது? அக்காவோட அம்மா இன்னும் இருக்காங்க. ஏன் செத்தான்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை. துணி திருட வந்தவ மாட்டிக்கிட்டான்னு அந்தத் தெருவுல இன்னும் பேசுறாங்க. விசாரணை வையுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பார்க்கலாம்."

அன்றிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் வேலை. அமைச்சர்கள் வீட்டு வரவேற்பறைகளில் மணிக்கணக்காகக் காத்திருந்தார். முன்பு ஒரு முதலாளிக்குத் தொலைபேசி செய்ய மறுத்தவர், வழியில் தட்டுப்படுகிறவரிடம் எல்லாம் கையேந்தாத குறையாகக் கேட்டார். கட்சித் தலைவரையும் பார்த்தார். நான் உடன் இருந்தேன். தலைவர் அவர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் அறையில், நல்ல மரியாதையோடுதான் சொன்னீர்கள்.

"ஐயா, உங்க பேரை நீங்களே கெடுத்துக்கலாமா? அது உங்களுது மட்டும் இல்லைங்க. கட்சியோட சொத்து."

படியிறங்கும்போது அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா? என் பேரு என்னுது இல்லையாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் உடம்பு தேறவில்லை. அரசாங்க மருத்துவமனையின் பொது வார்டில்தான் இருந்தார், தனி அறை வேண்டாம் என்று. அதையும் பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மகள் என்னைக் கேட்டாள்: "அத்தை, அப்பா நல்லவரா?" என் தொழிலே பதில் சொல்வது. எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் முழுசாக வரவில்லை. உல்லாசத்தை நல்லவர் என்று என்னால் சொல்ல முடியாது, அவர் வீட்டுக்குள் நடந்தது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தொகுதி ஆலையில் இன்று வேலை பார்க்கும் பெண்கள் உயிரோடு இருக்கிறார்கள். மாசிலாரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. அவர் சுத்தம் நடிப்பு இல்லை. ஆனால் காலர் அக்கா இல்லை.

நாம் தலைவர்களை எதை வைத்து எடை போடுகிறோம்? என்ன குடிக்கிறார், யாரோடு வாழ்கிறார், எந்தச் சட்டை போடுகிறார் என்று துருவித் துருவிப் பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் கையெழுத்தால் யார் பிழைத்தார்கள், அவர் மௌனத்தால் யார் போனார்கள் என்று யார் கேட்கிறோம்? ஒருவரை நல்லவர் என்று முடிவு கட்டியதும் அவரிடம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறோமே, அது அவருக்குச் செய்கிற மரியாதையா? அவரைத் தனியாக விட்டுவிடுவதா? அன்று சபையில் ஒரே ஒருவர் எழுந்து, 'மாசிலாரே, உங்கள் மேல் மதிப்பு இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன், கதவு பூட்டியிருந்ததா இல்லையா' என்று கேட்டிருந்தால்? அவர் உண்மையைச் சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். தெரியாது. யாரும் கேட்கவில்லை.

நீங்கள் நிறைவேற்றப் போகும் இரங்கல் தீர்மானத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. சிலை வைக்கப் போகிறீர்கள். அவர் வாழ்ந்த தெருவுக்கு அவர் பெயர் சூட்டப் போகிறீர்கள். செய்யுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அவர் வாழ்நாளின் கடைசியில் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அது அந்தத் தீர்மானத்தில் இல்லை. கேட்டவர் போய்விட்டார், கேள்வி போகவில்லை.

வருகிற திங்கட்கிழமை நாங்கள் நீதிமன்றம் போகிறோம். ஆலைத் தீயைப் பற்றி நீதி விசாரணை வேண்டும் என்று மனு. மனுதாரர்கள் இரண்டு பேர். ஒருவர் பொத்தான். இன்னொருவர் மாசிலாரின் மகள். அப்பா சபையில் சொன்னது பொய் என்று அப்பாவே சொன்னதை, மகள் நீதிமன்றத்தில் சொல்லப் போகிறாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. அண்ணியிடம்தான் முதலில் கேட்டாள். அண்ணி, "உங்க அப்பா பேரு போனா போகட்டும். போய்ச் சொல்லு" என்றார். இதைவிடப் பெரிய அஞ்சலி அவருக்கு இந்த மண்டபத்தில் இன்று யாரும் செலுத்தவில்லை.

அவர் விட்ட வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். காலர் அக்காவின் தாயிடம் உண்மையை எழுத்தில் கொடுக்கும்வரை நாங்கள் ஓயப் போவதில்லை. அடுத்த ஆட்சியில் எவ்வளவு நல்லவர் அமைச்சராக வந்தாலும் சரி, அவர் எதிரில் நின்று கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம். இது எங்கள் உறுதி.

வழக்கமாக இந்த இடத்தில், அவர் அமைதியாக உறங்கட்டும் என்று சொல்லி முடிப்பார்கள். அவர் அமைதியாகப் போகவில்லை. கடைசி மூச்சுவரை தவித்துக்கொண்டுதான் போனார். அந்தத் தவிப்புதான் அவரிடம் நான் கண்டதிலேயே உயர்ந்தது. அதை அவரோடு சேர்த்துப் புதைத்துவிடாதீர்கள். நமக்கும் கொஞ்ச நாளைக்கு அமைதி வேண்டாம்.

வணக்கம்.